சிவப்பு மெயில்

காலடிப்பேட்டையில் எங்கள் ஷேர் ஆட்டோ கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. இப்போதைக்கு நகராது. எதிர் சீட்டில் இரண்டு பெண்கள். கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்கிய மூத்தவர் சொன்னார்:

“என் மெயில பாத்து யார்டு மேனேஜரு பயந்துட்டாருடி.”

“அப்டி இன்னாக்கா எழுதுன?”

“‘எங்க கண்டெய்னர தயவுசெஞ்சு அனுப்புங்க’ன்னுதான். தெனமும் அதையேதான் எழுதினுகீறேன். அன்னிக்கி கண்ணாடி ஒடஞ்சிபோச்சு. கம்ப்யூட்டர்ல எழுத்த நல்லா பெருசாக்கினேன். அப்பவும் சரியா தெரியலன்னு சிவப்பாக்கி, போல்டாவும் வெச்சேன். எனக்கு மட்டுந்தான் அப்டி தெரியும்னு நெனச்சா, அவருக்கும் அப்டியே போய்கீது.”

“ஐயையோ!”

“ஒடனே போன் போட்டு, ‘மேடம், கோச்சுக்காதீங்க, வண்டி கெளம்பிடுச்சு’ன்றாரு.”

“இப்பதான் புதுக் கண்ணாடி வந்துடுச்சே. எழுத்த கொறச்சிட்டியா?”

“கொறச்சேன். அடுத்த கண்டெய்னரு யார்டுலயே நிக்குது.”

“இப்ப இன்னாக்கா பண்ணப் போற?”

அக்கா கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினார்.