நாற்பத்தைந்து புள்ளி இரண்டு பூஜ்யம்

— ஆகவே, சக்கரத்துக்குப் பிறகு மனித குலத்துக்குக் கிடைத்த பெரிய கொடை எது என்று என்னைக் கேட்டால், கூச்சப்படாமல் சொல்வேன்: கம்ப்யூட்டர் வரைபடங்களுக்காக நான் உருவாக்கிய இந்த நெகிழ் உருவ நூலகம்.

— அத்தான், பம்பு நிலையத்து மின்சாரப் பேனல்ல ரெண்டு பிரேக்கர் வெளிய நிக்குது.

— அலுவலகத்தில் அத்தான் கிடையாது. சார்.

— சரி. சார் அத்தான், ரெண்டு பிரேக்கர் வெளிய நிக்குது. பன்னெண்டு பம்புக்குப் பன்னெண்டு பிரேக்கர், ஒரே வரிசைன்னு உங்க படம் சொல்லுது. படத்துல இருக்கற அளவுக்கே பெட்டி செஞ்சோம். பத்து உக்காந்துச்சு. பதினொண்ணாவதுக்குப் பாதி இடம்கூட இல்ல. பன்னெண்டாவத இந்தா, கையிலயே கொண்டாந்திருக்கேன்.

— மேஜைமேல் வைக்காதே. கிரீஸ்.

— கிரீஸ் இல்ல, வேர்வை. நேத்துலேர்ந்து அதோட மல்லுக் கட்டறேன்.

— சுருங்கச் சொன்னால், பேனல் பணிமனையின் மேற்பார்வையாளருக்கு வரைபடம் படிக்கத் தெரியவில்லை. அதற்கு நான் என்ன செய்ய முடியும்? உனக்குச் சிரமம் வேண்டாம் என்று தட்டச்சு செய்தே வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடு.

— என்னது இது?

— விளக்கக் கடிதம். வாய்விட்டுப் படி.

— 'பன்னிரண்டு பிரேக்கர்களை நெருக்கமாக அடுக்கும் திறமை எனக்கு இல்லாததால்...' அடப்பாவமே! '...மேற்பார்வையாளர் பொறுப்பிலிருந்து நானாகவே விலகிக்கொள்கிறேன்.' நானாகவேவா?

— மரியாதையாகப் போகட்டுமே என்றுதான் அந்தச் சொல். முதலாளியும் பம்பு நிலையத்து ஆய்வாளரும் கீழே வந்தாயிற்று. பேனலைப் பார்த்துவிட்டு நேரே இந்த அறைக்குத்தான் வருகிறார்கள். அதற்குள் கடிதம் மேஜைமேல் இருக்க வேண்டும். இந்தா பேனா. நீலம் பிடிக்காதென்றால் கறுப்பு இருக்கிறது. சிவப்பும் இருக்கிறது.

— பதினாலு வருசமா பேனல் கட்டற கை அத்தான் இது. என்னைத் தூக்கிட்டு அந்த நாற்காலில யார உக்கார வெக்கப் போறீங்க? உங்க தம்பியவா?

— அவனுக்கு என் நூலகம் புரிகிறது.

— புரியும், புரியும். மெயின் சுவிட்ச எப்படி அணைக்கறதுன்னு மட்டும்தான் இன்னும் புரியல. போன வாரம் புருவம் பொசுங்கி வீட்டுக்குப் போனான்.

— சார், அந்த அளவு விசயமா ஒண்ணு சொல்லிடறேன்...

— நீ வரைகிறவள். கம்ப்யூட்டரைப் பார்த்து வரை. பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கிறோம்.

— அந்தப் பொண்ணப் பேச விடுங்க. படத்துல கை வெச்சது அவதானே? நீ சொல்லு தங்கச்சி.

— முதல்ல சார் செஞ்ச ஷேப்பு ரப்பர் மாதிரி இருந்துச்சுண்ணே. மூலையப் பிடிச்சு இழுத்தா பிரேக்கர், அது மேல இருக்கற எழுத்து, ஸ்க்ரூ ஓட்டை எல்லாமே சேந்து பெருசாகும்.

— தெரியுமே. ஆறு மில்லி ஸ்க்ரூவுக்குப் பதினாலு மில்லி ஓட்டை வந்துச்சு. இந்தப் பக்கம் விட்டா அந்தப் பக்கம் போய் விழுந்துச்சு. பசங்க அதுக்கு 'சுரங்கப் பாதை'ன்னு பேரு வெச்சாங்க.

— அதனால நான் வேற மாதிரி பண்ணேன். ஓட்டையையும் உயரத்தையும் பூட்டிட்டேன். பக்கவாட்டுல மட்டும் இழுக்கலாம். அதுவும் இஷ்டத்துக்கு நீளாது. ஒரு இழுப்புக்கு ஒரு கட்டம் கூடும். ஒண்ணு, ரெண்டு, மூணு, அவ்வளவுதான். ஒரு கட்டத்துக்குப் பதினெட்டு மில்லி.

— அப்படிச் சொல்லு! மூணு கட்டத்துக்கு அம்பத்தி நாலு. என் பெரிய பொண்ணு சொல்லுவா இந்தக் கணக்க. அப்புறம் எந்தப் புண்ணியவான் மாத்தினது?

— நான்தான். பதினெட்டு என்று யார் சொன்னது? அட்டவணைப் புத்தகம். அதை அச்சடித்தவன் தூங்கி வழிந்திருந்தால்? நான் எதையும் பிறர் சொல்லி ஏற்றுக்கொள்பவன் அல்ல. வெர்னியர் அளவுகோலைக் கையில் பிடித்து நானே அளந்தேன். மூன்று கட்டப் பிரேக்கரின் அகலம் நாற்பத்தைந்து புள்ளி இரண்டு பூஜ்யம். மூன்றால் வகு. பதினைந்து புள்ளி பூஜ்யம் ஏழு.

— புள்ளிக்கு அப்புறம் ரெண்டு எண்ணு வேற! புள்ளிக்கு முன்னாடி இருக்கறதே தப்பு அத்தான்.

— சார்.

— தப்பு சார்.

— சார் சொன்னாருன்னு பதினெட்ட அழிச்சேண்ணே. அழிச்ச உடனே நூலகத்துல இருந்த அறுபது ஷேப்பும் தானா சுருங்கிடுச்சு.

— அதுதான் அதன் மேதைமை! ஒரே ஓர் அளவு. அறுபது உருவமும் அதற்குக் கைகட்டி நிற்கும்.

— படம் கைகட்டி நிக்கும். பிரேக்கர் நிக்குமா? உங்க வீட்டுத் துணி அலமாரி கதையேதான் இங்கயும். அதுக்கும் நீங்கதான் அளவெடுத்தீங்க. வாசல்ல நுழையல. ஒன்றரை வருசமா மாடிப்படிக்கு அடியில நிக்குது. ஒரு சேலை எடுக்க எங்கக்கா ரெண்டு மாடி எறங்கி ஏறுறா.

— என் மனைவியை இதில் இழுக்காதே. அது அலமாரியின் குற்றம் அல்ல. வாசலின் குற்றம்.

— ஆமா, வாசலும் ஒரு விலகல் கடிதம் எழுதிக் குடுத்திருக்கணும். தங்கச்சி, அந்த ஸ்கேல எடு. இந்த பிரேக்கர அளந்து சொல்லு. சத்தமா.

— அம்பத்தி நாலுண்ணே.

— கேட்டுச்சா?

— வீங்கியிருக்கிறது.

— என்னது?

— சூட்டில் பொருள்கள் விரிவடையும். இது அறிவியல். உன் பணிமனை அடுப்பு மாதிரி கொதிக்கிறது. நான் அளந்த மாதிரிப் பிரேக்கர் இருப்பது ஏசி அறையில். அதனால் அது தன் நிஜ அளவை விடாமல் வைத்திருக்கிறது.

— ஒம்போது மில்லி வீங்குதாம்! அந்தச் சூட்டுல தினமும் நிக்கற நாங்க இன்னும் ஏன் ஒருத்தரும் குண்டாகல?

— விதண்டாவாதம். அப்படியே வீங்கியிருந்தாலும், பக்கங்களை அரத்தால் சற்றுத் தேய்த்திருக்கலாமே? முயற்சி செய்தாயா?

— தேய்க்கறதா? ஒம்போது மில்லி தேச்சா அதோட குடல் வெளிய வந்துரும். அதுக்கப்புறம் பம்பு ஓடாது, ஆள்தான் ஓடணும். உங்க நாக்க வேணா கொஞ்சம் தேச்சு விடவா?

— பார்த்தாயா! இந்த வாய்க்காகவே கையெழுத்துப் போடலாம்.

— சார், அந்த மாதிரி பத்தித்தான் நான் முதல் நாளே...

— குறுக்கே பேசாதே என்றேன்.

— இருங்க, இருங்க. மாதிரி, மாதிரிங்கறீங்களே, எந்த மாதிரி? வர்றதுக்கு முன்னாடி ஸ்டோர்ல கேட்டுட்டுத்தான் வந்தேன். இந்த வரைபட அறைக்கு இதுவரைக்கும் ஒரு பிரேக்கர்கூடப் போகல. எத அளந்தீங்க?

— என் சொந்த மாதிரியை. மின்சாதனக் கண்காட்சியில் அந்த நிறுவனத்தின் விற்பனை அதிகாரி என் கையைக் குலுக்கி, 'சார், இது உங்களுக்கு' என்று கொடுத்தது. உன் ஸ்டோரில் அள்ளி எடுக்கிற சரக்கு அல்ல.

— அது எங்க?

— உன் மூக்குக்கு நேரே. பேனா எடுத்துக் கொடுத்தேனே, அதிலிருந்துதான் எடுத்தேன். மேலே வசதியாக மூன்று துளை இருப்பதால் தற்காலிகமாகப் பேனா வைத்திருக்கிறேன்.

— ...கொஞ்சம் தூக்கிப் பாக்கலாமா?

— கையைத் துடைத்துக்கொண்டு தூக்கு.

— ரொம்ப லேசா இருக்கே அத்தான்.

— உயர்ந்த ரகம்.

— சுவிட்ச மேல தள்ளினா டக்குனு ஒரு சத்தம் வரணுமே. வரலையே.

— ஓசையில்லாமல் இயங்கும் வகை.

— வயர் மாட்ட ஒரு ஸ்க்ரூகூட இல்ல.

— ஸ்க்ரூ தேவைப்படாத புதிய தொழில்நுட்பம். உனக்கு எங்கே புரியப் போகிறது? நீ இன்னும் திருப்புளியைக் கட்டிக்கொண்டு அழுகிறாய்.

— புரிஞ்சிருச்சு அத்தான். நல்லாவே புரிஞ்சிருச்சு. நான் வாதாடினது தப்பு.

— அப்படி வா வழிக்கு. இங்கே, இந்தக் கோட்டின்மேல் போடு.

— போடறேன். ஆனா முதலாளி கண்ணு முன்னாடி போடறேன். அதுக்கு முன்னாடி நீங்க ஒண்ணு செய்யணும். இந்த மாதிரிய ஆய்வாளர் கையில குடுத்து, 'இதை அளந்துதான் அறுபதையும் செஞ்சேன்'னு உங்க வாயால சொல்லணும்.

— சொல்லத்தான் போகிறேன். கடிதத்தின் இரண்டாம் பத்தியே அதுதான்.

— எழுத்துல வேறயா! தங்கமான மனுசன். படியில செருப்புச் சத்தம் கேக்குது, நானே போய்க் கதவத் தெறக்கறேன். பேனாவ எல்லாம் எடுத்துருங்க. இல்ல, வேணாம். அப்படியே இருக்கட்டும். அழகா இருக்கு.

— சார், அவங்க உள்ள வர்றதுக்குள்ள நான் சொல்லிடறேன், அது வந்து...

— தங்கச்சி, நீ பேசாத!

— நீ யார் அவளைப் பேசாதே என்று சொல்ல?

— இல்ல அத்தான், சின்னப் பொண்ணு, பெரியவங்க பேசறப்ப...

— இது என் துறை. இங்கே யார் பேசலாம், யார் வாயை மூடலாம் என்று நான்தான் தீர்மானிப்பேன். நீ சொல்லம்மா. வாருங்கள் முதலாளி, வணக்கம் ஐயா, உட்காருங்கள், சரியான நேரத்துக்கு வந்தீர்கள். என் நூலகத்துக்கே ஆதாரமான மாதிரி இதோ. எங்கள் வரைவாளர் இதைப் பற்றித்தான் பேச ஆரம்பித்தாள். தயங்காதே அம்மா. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்.

— அது பேனா ஸ்டாண்டு சார். அன்னிக்குக் கண்காட்சிக்கு வந்த எல்லாருக்கும் ஆளுக்கு ஒண்ணு குடுத்தாங்க.