மாமாவுக்கு உப்பு ஆவாது

உப்பு இல்லாம ஒரு மீன் கொழம்பு வெச்சிப் பாருங்கக்கா, அப்பத் தெரியும் என் கஷ்டம்! வூட்ட விட்டு வெளிய வந்தா மல மலயா உப்பு, கண்ணு கூசுது. உள்ள சட்டியில ஒரு கல்லு போடக் கூடாது. மரக்காணத்துல பொறந்து, மரக்காணத்துலயே வாக்கப்பட்டு, உப்பு போடாம சமைக்கறவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

எல்லாம் எங்க மாமனாருக்காகத்தான். தோ, உள்ள வைத்தியரு முன்னால உக்காந்திருக்காரு பாருங்க, பச்சத் துண்டு... அவருதான். ரத்தக் கொதிப்பு. எழுவத்தி நாலாம் வருசம் நான் கல்யாணமாயி வரச்சொல்லவே அவருக்கு இருந்துது. கவர்மெண்டு ஆஸ்பத்திரி மாத்திர சாப்ட்டுகினு இருந்தாரு. அப்பறம்தான் இந்த அனுமந்த வைத்தியரப் பத்திச் சொன்னாங்க, வந்தோம். நல்ல மனுசருக்கா. ‘டாக்டர் குடுத்த மாத்திரய நீயா நிறுத்தாத. அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது’ன்னுட்டாரு.

இது பாட்டுக்கு இதுன்னா என்ன? எம்பாடுதான்! மருதம்பட்டய இடிச்சி, நாலு டம்ளர் தண்ணி ஊத்தி, ஒரு டம்ளரா வத்த வெக்கணும். ராத்திரியில பூண்ட உரிச்சி பால்ல வேவ வெக்கணும். கருவாடு கூடாது, ஊறுகா கூடாது, அப்பளம் கூடாது. இதுல கோவமும் படக் கூடாதாம். எங்க மாமாவா! காக்கா கத்துனா காக்காகிட்டயே சண்டைக்குப் போறவரு. இப்ப கோவம் வந்தா கண்ண மூடிகினு பத்து வரைக்கும் எண்ணறாரு. கண்ணத் தொறந்தா காக்காவக் காணோம். திட்டறதுக்குள்ள ஏன் போச்சின்னு அதுக்கு ஒரு கோவம்!

ஏ பாப்பா, பெரிம்மா வளையல இழுக்காத... ஒடஞ்சிடப் போவுதுக்கா, கைய அந்தப் பக்கம் வெச்சிக்கோங்க.

நான் இப்டி யார்கிட்டயும் பேசவே மாட்டேன், நம்புங்க. ‘இவளுக்கு வாயி எதுக்கு, சோறு துன்றதுக்கா’ன்னு எங்க மாமியாரே கேக்கும். வைத்தியரு எதுனா கேட்டாக்கூட நான் கதவுக்குப் பின்னால நின்னு தலையத்தான் ஆட்டுவேன். ஆட்டுனது அவருக்குத் தெரிஞ்சிதோ இல்லியோ! உங்களப் பாத்தா எங்க பெரியக்கா மாதிரியே இருக்குது, அதான்...

இன்னிக்கு என்னா சொல்லப் போறாரோக்கா. மொதல்ல ரெண்டு மாசம் கொதிப்பு நல்லா எறங்கிச்சி. அதுக்கப்பறம் என்னா மாயமோ, ஏறுது, ஏறுது, ஏறிகினே இருக்குது. ‘இந்தத் தடவயும் எறங்கலன்னா என்னால ஆவாது, புதுச்சேரி பெரியாஸ்பத்திரியில கொண்டுபோய்ப் படுக்க வெய்யுங்க’ன்னு போன தடவயே சொல்லிட்டாரு. எங்க மாமாவ படுக்க வெக்கறதா? கட்டில்ல கட்டித்தான் போடணும்! பாப்பா வேற அவரு மடியில போட்டாத்தான் தூங்குது.

மாமியாரு என்னான்னா, ‘நீதான்டி யாருக்கும் தெரியாம உப்பு போடற’ன்னு சட்டிய மோந்து மோந்து பாக்குது. உப்புக்கு ஏதுக்கா வாசன? சத்தியமா போடலக்கா. வைத்தியருக்கும் புரியல. நாக்க நீட்டச் சொல்லி, வெளக்கு புடிச்சிப் பாக்கறாரு. நாக்கு வெள்ள வெள்ளயா, நடுவுல வெடிச்சிக் கெடக்குது. ‘இது கொதிப்புக்கு வர்ற நாக்கு இல்லியே’ன்னு தலயச் சொறியறாரு.

என்னாக்கா கேட்டீங்க? நடக்கறாரான்னா? ஓ, நல்லா நடக்கறாரே! வெடிகாலயில ஒரு மணி நேரம். மொதல்ல கடலோரமாத்தான் போய்கினு இருந்தாரு. இப்ப உப்பளத்துப் பக்கம். நான்தான் போவச் சொன்னேன். அது வந்து... சிரிக்காதீங்கக்கா. எங்க வூட்டுக்காரரு நாலு மணிக்கே எழுந்து உப்புப் பாத்தியப் பாக்க ஓடிடுவாரு. புள்ள பொறந்ததுலேருந்து ராவெல்லாம் தூக்கமில்ல. ஒரு அர மணி நேரம் வூட்டுல இருக்கட்டுமேன்னுதான்... மாமாகிட்ட வாயத் தொறந்து நான் கேட்டது அது ஒண்ணுதான். ‘நடக்கறதுதான் நடக்கறீங்க மாமா, அப்டியே வரப்பு மேல போயி, எந்தப் பாத்தி வாரற பதத்துல இருக்குதுன்னு பாத்துட்டு வந்துடுங்க’ன்னேன். மனுசனுக்கு என்னா சந்தோசம்! முப்பது வருசம் உப்பளத்து மேஸ்திரியா இருந்தவரு இல்லியா. கண்ணால பாத்துட்டு வர்றதெல்லாம் அவருகிட்ட ஆவாது. பாத்திக்கு ஒரு கல்லு எடுத்து, வாயில போட்டு நறுக்குனு கடிச்சி...

எத்தினி பாத்தியா? இருபத்தெட்டுக்கா. ஏன்?

துப்பறதா? துப்ப மாட்டாரு. வெளஞ்சத மண்ணுல துப்பக் கூடாதும்பாரு, முழுங்கிடுவாரு. என்னாக்கா அப்டிப் பாக்கறீங்க? அது வேலக்கா, சாப்பாடு இல்லியே...

ஐயோ.

எப்பலேருந்தா? பாப்பா பொறந்து... ஐப்பசி, கார்த்திக மழ... தையில பாத்தி கட்டி... உப்பு எடுத்தது மாசியில. கொதிப்பு ஏற ஆரம்பிச்சதும் அப்பதான்...

ஐயோ அக்கா! இங்க ஒவ்வொரு கல்லா எண்ணி எடுத்துட்டு, அங்க கை கையா நானே ஊட்டியிருக்கறேனே! பாவம் மாமியாரு, சட்டிய இல்ல மோந்து பாத்துகினு இருக்குது!

தோ, மறுபடியும் வெளக்க எடுக்கறாரு. நாக்க நீட்டச் சொல்றாரு. அக்கா, நீங்க போயி சொல்றீங்களா? உங்களுக்கு நல்லா பேச வரும்... இல்ல, இல்ல. நான் பண்ணது, நான்தான் சொல்லணும். இந்தாங்க, பாப்பாவப் புடிங்க. கடிப்பா, வெரலக் குடுத்துடாதீங்க.

ஐயா... ஐயா, கொஞ்சம் இருங்க! அந்த வெளக்கக் கீழ வெய்யுங்கய்யா. மாமா, நாக்க உள்ள இழுங்க. நான் சொல்லிட்றேன்.