சுமைதாங்கிக்குக் கண்ணாடி போட்ட ஹோட்டல்

2023 நவம்பரில் விக்கிரமங்கலம் போகும் சாலையை அகலப்படுத்தியபோது, ஓரத்தில் நின்ற சுமைதாங்கி ஒன்று பெயர்த்தெடுக்கப்பட்டது. நட்ட கல் இரண்டு, மேலே படுத்த கல் ஒன்று. அதை ஒரு ஹோட்டல் வாங்கிக்கொண்டது.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்த ஹோட்டல் இருப்பது முந்திரிக் காட்டுக்கு நடுவே. பொழுது சாய்ந்தால் லாரிகூட வராத சாலை. ஊர்ப் பழமையைக் காட்டித்தான் அங்கே ஆள் சேர்ப்பது. அறைக்கு அறை உரல், வாசலில் மண் குதிரை, வரவேற்பறையில் இந்தக் கல்.

மேனேஜர் ஜாவித், நம் கூட்டாளி ரஹ்மத்துல்லாவின் மச்சான். லப்பைக்குடிக்காட்டுக்காரன். ஷார்ஜாவில் ஹோட்டல் வேலை பார்த்தவன். மூத்த பையன் பிறந்தபோது அங்கேதான் இருந்தான். பையனை முதன்முதலாகத் தூக்கப் போனது திருச்சி விமான நிலையத்தில். அப்போது அவன் ஓடவும் பேசவும் ஆரம்பித்திருந்தான். “யாரும்மா இந்த மாமா?” என்று அழுதான். இப்போது மனைவி ஆஃப்ரா மறுபடி மாசமாக இருந்தாள். இந்தப் பிள்ளையையாவது பிறந்ததும் கையில் வாங்க வேண்டும்... அதற்காகத்தான் இந்த வேலை.

கல்லுக்குப் பக்கத்தில் இப்படி எழுதி ஒரு பலகை வைத்தான். வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போனவளுக்காக நடுகிற கல் இது. வழிப்போக்கர்கள் சுமையை இறக்கி வைக்க வைக்க, அவள் பாரம் குறையும். வந்தவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பெட்டியைக் கல்மேல் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். இணையத்தில் ஐந்து நட்சத்திரமாகக் குவிந்தது.

“கல்லுல கீறல் விழுவுது தம்பி. கண்ணாடி போட்டு மூடிடுங்க” என்றார் முதலாளி இளையபெருமாள்.

“அது சாமான் வைக்கிற கல்லுங்க சார்.”

“சாமான் வைக்கத்தான் ஸ்டீல் வண்டி இருக்கே. இத மியூசியம் மாதிரி வைங்க.”

மூடினான்.

அப்புறம்தான் அந்த விமர்சனம் வந்தது. ஒற்றை நட்சத்திரம். ‘அறை அருமை. சாப்பாடு அருமை. ஆனால் நிறைமாதக் கர்ப்பிணியை ராத்திரியில் பெட்டி தூக்க வைக்கிறீர்களே?’

ஹோட்டலில் அப்படி யாரும் இல்லை.

அடுத்ததும் வந்தது. ‘வேண்டாம் என்றாலும் கையிலிருந்து பிடுங்கிக்கொள்கிறார். பாவம், மூச்சு வாங்குகிறது.’

ஜாவித் கேமராவைப் போட்டுப் பார்த்தான். விருந்தினர் மட்டும் நடந்து வருகிறார். வெறுங்கை. பெட்டி அவருக்கு முன்னாலேயே அறை வாசலில் இருக்கிறது.

“யாருய்யா அந்தப் பொம்பள? எம் பேரக் கெடுக்கன்னே கூட்டியாந்தியா?” முதலாளி கத்தினார். “இன்னொரு ஒத்த ஸ்டார் வரட்டும், மறுபடி ஷார்ஜாவுக்கே பிளேன் ஏறிக்க.”

அன்று கடைசியாக வந்தவரின் பெட்டியை ஜாவித்தே தூக்கினான். இனி எந்தப் பெட்டியையும் தன் கையை விட்டு விடுவதில்லை என்று முடிவு. நடைபாதையில் பாதி போயிருப்பான். கரண்ட் போனது.

விளக்கெண்ணெய் வாசம். ஈரத்துணி வாசம்.

பின்னால் மூச்சு... ஹ்ம்... ஹ்ம்... நிறைகுடத்தோடு மேடேறுகிறவளுடைய மூச்சு. பெட்டியின் கைப்பிடியில், அவன் விரல்களுக்குப் பக்கத்தில், இன்னொரு கை வந்து சேர்ந்தது. ஐஸாக இருந்தது.

“உடுங்க... நான் தூக்கறேன்.”

அவன் விடவில்லை. ஓதலாம் என்று வாயைத் திறந்தான். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. வந்தது, ஹோட்டல் வாசலில் நின்று நின்று நாக்கில் ஊறிப்போன பேச்சு. காரிலிருந்து யார் இறங்கினாலும் சொல்வது.

“குடுங்கம்மா. நான் வாங்கிக்கறேன்.”

மூச்சுச் சத்தம் நின்றது.

கொடுத்தாள்.

பெட்டி தரையில் விழுந்தது. கையில் வேறொன்று இருந்தது. சின்னது. ஈரமானது. ஜில்லென்றது... அசையவில்லை.

கரண்ட் வந்தது. கையில் எதுவும் இல்லை. கனம் மட்டும் இருந்தது.

மறுநாள் கண்ணாடியை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு அந்த மாதிரி விமர்சனம் வரவில்லை. ஜாவித்தின் வேலையும் போகவில்லை.

மாசியில் பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் ஆஃப்ராவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஜாவித் வாசலிலேயே இருந்தான். மாமியார் ஜைனம்பு குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டினாள்.

“புடிங்க மாப்ள. பயப்படாதீங்க.”

அவன் இரண்டு கைகளையும் நெஞ்சோடு மடக்கிவைத்தபடி நின்றான்.

கையில் இடமில்லை என்றான்.