மயோர்காவில் ஒரு காகம் கூட இல்லை

கால் நோகுது எண்டு என்ர மனுசன் சொன்னவரோ? பொய் தம்பி, பச்சைப் பொய். உந்தக் காலோடதான் கிழமை முழுக்கச் சேத்துக்குள்ள நடந்து திரிஞ்சவர். நீங்களும் பாவம், முன்சீட்டைக் குடுத்திட்டு எழும்பி வந்திட்டீங்கள். பிளேன் நிறைஞ்ச சனத்துக்குள்ள உங்களை ஏன் பிடிச்சவர் தெரியுமோ? ஏறேக்க போனில தமிழ் கதைச்சனீங்கள். எனக்குக் கதைக்க ஒரு ஆளும் ஆச்சு, தான் தப்பினதும் ஆச்சு. கெட்டிக்காரன்!

இல்லை இல்லை, கம்ப்யூட்டரைத் திறவுங்கோ. நான் கரைச்சல் தரமாட்டன். பேர் என்ன?... விவேக். நல்லது. நான் குமுதினி. அங்க பச்சைத் தொப்பி தெரியுதே, அதுதான் என்ர மனுசன், இராசலிங்கம். சனிக்கிழமை மத்தியானத்தில இருந்து என்னோட ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. இண்டைக்குச் செவ்வாய். முந்தியும் சண்டை பிடிச்சிருக்கிறம், கதவை அடிச்சுச் சாத்தியிருக்கிறார். ஆனா இப்பிடி வாயைத் தைச்சு வைச்சதில்லை. எனக்குப் பயமாக் கிடக்கு தம்பி.

எதுக்கு? ஒரு குருவிக்கு!

குருவியுமில்லை, குருகு, கொக்குச் சாதி. இவர் ஜெர்மனியில, ஹம் எண்ட ஊரில, கம்பிப் பக்டரியில வேலை செய்து பென்சன் எடுத்தவர். பென்சன் எடுத்தா மனுசர் கோயில் குளம் எண்டு போவினம். இவருக்குக் கூட வேலை செய்த ஆக்கள் சேந்து ஒரு பைனாகுலர் குடுத்தினம். அதோட துலைஞ்சுது. பறவை பாக்கிறதுக்கெண்டு ஒரு ஃபெரைன், சங்கம்தான், அதில போய்ச் சேந்தார். எல்லாம் வெள்ளைக்காரர், எங்கட ஆள் இவர் ஒருத்தர்தான். தலைவர் ஹெர் புருகமன், வாத்தியாரா இருந்த மனுசன். தும்முறதெண்டாலும் அவரிட்டக் கையைத் தூக்கிக் கேக்கோணும். ஒவ்வொரு காலத்துக்கும் ஒருக்கா இந்த மயோர்காத் தீவுக்குக் கூட்டிக்கொண்டு வருவார். ஊர் உலகம் மயோர்காவுக்குக் கடல் பாக்க வரும். இவை கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சேத்தைப் பாப்பினம்.

குளிர்காலத்தில வந்தம். ஒரே மழை. கறுப்புக் குருவியள் புகை மாதிரி வானத்தில சுத்திச்சுதுகள். அதைப் பாத்து இவர் அழுதவர். என்ர அம்மா செத்ததுக்கு அழேல்லை! வசந்தத்தில கொண்டலாத்தி, கொண்டையை விரிச்சுக்கொண்டு. அப்பதான் அந்தக் குருகு நாணலுக்குள்ள இருந்து கத்திச்சுது, வெறும் போத்திலுக்குள்ள ஊதின மாதிரி. சத்தம்தான், ஆள் வெளியில வராது. சங்கத்தில ஒருத்தரும் கண்டதில்லை. இவருக்கு விசர் பிடிச்சிட்டுது. கோடையில எல்லாரும் மலை விளிம்பில வல்லூறு பாக்க, இவர் கீழ நாணலைப் பாத்தார். வீட்டிலயும் போத்திலைக் கண்டா ஊதுவார். பேரப்பிள்ளையின்ர பிறந்தநாளுக்கும் ஊதினவர்.

இப்ப புரட்டாதி. அவருக்கு அட்டமத்துச் சனி நடக்குது. நீங்கள் படிச்ச ஆள், சிரிப்பீங்கள். ஆனா நான் அவருக்காகத்தான் சனிக்கிழமை விரதம் பிடிக்கிறன். காகம் சோத்தைக் கொத்தினாப் பிறகுதான் நான் வாயில வைப்பன். ஹம்மில எங்கட பல்கனிக்கு வரும், ஜெர்மன் காகம், ஒரு நிமிசம் பிந்தாது. இந்தத் தீவில பாத்தா... காகமே இல்லை! காகம் இல்லாத ஊர் கேள்விப்பட்டனீங்களே? இவ்வளவு பறவை பாக்கிற ஆக்கள், ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை.

சனிக்கிழமை சோறு வடிச்சு, எள்ளுப் போட்டு, பெட்டியில கொண்டு போனன். சதுப்புக்குப் பக்கத்தில ஒரு மரக்கொட்டில், தபால்பெட்டி வாய் மாதிரி நீளமா ஒரு ஓட்டை. எல்லாரும் அதுக்குள்ளால பாத்துக்கொண்டு மூச்சும் விடீனமில்லை. எனக்குச் சீனி வருத்தம். மத்தியானம் கண் இருட்டுது. மெல்ல வெளியில வந்து கைப்பிடிக் கட்டையில சோத்தை வைச்சன். வைச்சாக் காணுமே? கூப்பிடோணும். கூப்பிட்டன். "கா... கா... கா..."

கொஞ்சம் சத்தமாத்தான் கூப்பிட்டிருப்பன்.

உள்ள ஹெர் புருகமன் புத்தகத்தைப் புரட்டினவராம், இது எந்தப் பறவை எண்டு. அந்த நேரம் பாத்து, இவ்வளவு காலமா வராத குருகு நாணலை விலக்கிக் கழுத்தை நீட்டியிருக்கு. கண்டது இவர் மட்டும்தான். மற்றவைக்குக் கையைக் காட்டப் போறார்... காகம் வரேல்லை தம்பி. கடற்புறா வந்துதுகள். கூரை முழுக்க! ஒண்டின்ர வாய்ச் சோத்தை ஒண்டு பறிச்சு, கத்தி, குளறி... குருகு பயந்து நாணலுக்குள்ள ஓடிட்டுது. காவல்காரன் சைக்கிளில வந்து எல்லாரையும் கலைச்சான். ஹெர் புருகமன் நல்ல மரியாதையா இவரிட்டச் சொன்னார், அடுத்தமுறை உங்கட மனைவிக்குக் கடற்கரைதான் வசதியா இருக்குமெண்டு. இவர் குருகைக் கண்டதையும் அவை ஏற்கேல்லை. ரெண்டாவது ஆள் காணேல்லையாம்.

கடற்புறா தின்னதைச் சனீஸ்வரன் கணக்கில எடுப்பாரோ எண்டு ஐயருக்கு வட்ஸ்அப்பில கேட்டன். ஒரு கும்பிடு அனுப்பியிருக்கிறார். அது ஓமோ, இல்லையோ?

என்ன கேட்டனீங்கள்? தீவு முழுக்கவோ?... இல்லை, மலையில இருக்குதாம். அண்டங்காகம், கனக்க. ஓம்... வெள்ளிக்கிழமையே சொன்னவர்தான். நாளைக்கு நான் உவையோட போகேல்லை, கார் எடுத்து உன்னை மலைக்குக் கூட்டிக்கொண்டு போறன், சோத்தை வைச்சிட்டு வருவம் எண்டு. குருகை விட்டிட்டு வாறன் எண்டவர், பாருங்கோவன். நான்தான் ஏலாது எண்டனான். மலை ரோட்டு வளைவில எனக்குச் சத்தி வரும். பிறகு அண்டங்காகம் சரிவருமோ எண்டும் ஒரு யோசினை...

என்ன எழும்பிறீங்கள்? டொய்லெட்டோ? போட்டு வாங்கோ. தம்பி, அது முன்னுக்கு இல்லை, பின்னுக்கு!... உங்க குனிஞ்சு அவரோட என்ன கதை? ஐயோ, மனுசன் எழும்பி வாறார்...

வாங்கோ. இருங்கோ. பெல்டைப் போடுங்கோ. அந்தத் தம்பி என்னவாம்? நான் வாயே திறக்கேல்லை. கால் எப்பிடி? அடுத்தமுறை நான் கடற்கரையிலயே இருக்கிறன், சரியோ? இல்லாட்டி மலைக்கு வாறன், சத்தி வந்தா வரட்டும், ஒரு பையைக் கொண்டு வாறன். ஹெர் புருகமனுக்கும் நான் சொல்லுறன், என்ர மனுசன் பொய் சொல்லார், கண்டதெண்டாக் கண்டதுதான் எண்டு. வடை சுட்டுக்கொண்டு போறன், மனுசன் இளகும். இஞ்சருங்கோ, கேக்குதோ? அந்தக் குருகு என்ன, அங்கதானே நிக்கப் போகுது...

என்ன? என்ன சொன்னனீங்கள்? ஒருக்காத் திரும்பச் சொல்லுங்கோ!

தம்பி! விவேக் தம்பி! இஞ்ச திரும்புங்கோ! மனுசன் கதைச்சிட்டார்!... என்னவோ? வாயை மூடட்டாம்!