எங்கள் தீவன டாக்டரம்மாவின் பன்றிகள்

மேடையில் அமர்ந்திருக்கும் பண்ணை முதலாளி அவர்களே, டாக்டரம்மாவின் கணவர் அவர்களே, கொட்டகை கழுவிய ஈரக் கையோடு இந்தச் சாப்பாட்டுக் கூடத்தில் கூடியிருக்கும் தோழர்களே! கொட்டகை மேற்பார்வையாளன் என்ற முறையில் டாக்டரம்மாவின் இந்த இரங்கல் கூட்டத்தில் என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வருகிறது.

யார் எங்கள் தீவன டாக்டரம்மா? வளரும் பன்றிக்குக் கழிச்சல் வராமலிருக்க தினமும் மருந்துப் பொடி எதற்கு, ஓமமும் பூண்டும் அந்த வேலையைச் செய்யாதா என்று கேட்டவர்! எடுத்தவுடனே ஜெயித்தாரா? இல்லை! முதல் தடவை பூண்டுச் சாறு தூக்கலாகிவிட்டது. பன்றிகள் தொட்டியை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டன. பசி வெறியில் ஒன்றின் வாலை ஒன்று கடித்துக் குதறின. சுவரெல்லாம் ரத்தம். விலக்கிவிட உள்ளே குதித்த டாக்டரம்மாவின் கெண்டைக்கால் சதையும் பிய்ந்தது. தையல் போடும்போது சிரிக்கிறார்: "என் சமையல் லட்சணம் அப்படி. வீட்லயும் இதே கதைதான். என்ன, அவரு கடிக்கிறதில்ல!"

அளவைக் குறைத்தார். பன்றிகள் தின்றன, கழிச்சல் நின்றது, மளமளவென்று எடை ஏறியது. பொறுக்குமா நம் பண்ணைக்கு அந்த மருந்துப் பொடியை விற்றுவந்த வியாபாரிக்கு? ஒப்பிட்டுப் பார்க்க வெறும் தீவனம் மட்டுமே போடும் கொட்டகை ஒன்று உண்டல்லவா? அதில் மருந்தைக் கலந்துவிட்டால் இரண்டு கொட்டகையும் ஒன்றுபோல் வளரும்; ஓமத்தாலும் பூண்டாலும் ஒரு பயனும் இல்லை என்றாகிவிடும்! பட்டப்பகலில் அவனுடைய ஆட்கள் சுவரேறிக் குதித்தார்கள். தொட்டியில் மருந்தைக் கொட்டினார்கள். டாக்டரம்மா மூட்டையைப் பிடித்து இழுத்தார். இரும்புக் கம்பியால் மண்டையில் அடித்தார்கள். விழுந்தவரை மிதித்தார்கள். விலா முறிந்த சத்தம் பன்றிகளின் அலறலையும் மீறி எனக்குக் கேட்டது. ஓடிப்போய்த் தூக்கினேன். வாயில் ரத்தம் கொப்பளிக்க என்ன சொன்னார்? காப்பாற்று என்றா?

"தம்பி, மொதல்ல அந்தத் தொட்டியக் கவுத்துடு. ஒண்ணுகூட தின்னுடக் கூடாது."

கவிழ்த்தேன்! ஒரு பன்றிகூட வாய் வைக்கவில்லை!

கடைசி எடை மட்டும்தான் பாக்கி. நாளைக் காலையில் அது நடந்திருக்க வேண்டும். ஆனால் முதலாளி அவர்களே, எதற்கு வம்பென்று அத்தனை பன்றிகளையும் இன்றே கசாப்புக்கு ஏற்றச் சொல்லிவிட்டீர்களே, உங்களுக்கு எப்படி மனம் வந்தது? எழுந்திருக்காதீர்கள், நான் இன்னும் முடிக்கவில்லை! லாரி பண்ணை வாசலுக்கு வந்துவிட்டது எங்களுக்குத் தெரியாது என்று நினைத்தீர்களா? அது எங்கள்மேல் ஏறித்தான் வெளியே போக வேண்டும். நாளை ஒவ்வொரு பன்றியும் எடைமேடை ஏறும். முள் எதைக் காட்டுகிறதோ அதை ஊரறியச் சொல்வோம். இது டாக்டரம்மாவுக்கு நாங்கள் கொடுக்கும் வாக்கு!

தோழர்களே, மௌன அஞ்சலி இங்கே வேண்டாம். அந்த லாரிக்கு முன்னால் போய் நின்று செலுத்துவோம். ஐயா, நீங்கள் அவருடைய கணவர், நீங்களே முன்னால் நடங்கள். நாங்கள் பின்னால் வருகிறோம்!