மாப்பிள்ளை பேருக்கு ஊளையிட்ட மைக்

மூடுங்க அண்ணாச்சி, அந்த ஆம்ப்ளிஃபயர. நாலு நாளா பிரிச்சிப் பிரிச்சிப் பாக்கீயளே, உள்ள பேயா குடியிருக்கு? இல்ல, உக்காரல்லாம் நேரமில்ல, அடுப்புல பருப்பு கெடக்கு.

மைக்செட்ட விக்கப் போறீயளாமே? ராசியில்லாத பெட்டின்னு எவன் சொன்னான்? எங்க மூத்தாரா? என் வீட்டுக்காரருக்கு அண்ணன்ங்கதத் தவிர அவருக்கு வேற என்ன தகுதி இருக்கு?

எம் மக ப்ரீதா நிச்சயத்துல என்ன நடந்துச்சு? மூத்தார் மைக்ல நிச்சய ஓலை வாசிச்சாரு. மாப்பிள்ள பேரு வந்ததும் ஊஊஊன்னு ஒரு ஊள. மறுபடி வாசிச்சாரு, மறுபடி அதே பேருல ஊள. மூணாவது தரம் மாப்பிள்ளையோட அத்த அபசகுனம்னு எந்திரிச்சா. தாம்பாளத்தோட மொத்தக் கூட்டமும் வேன்ல ஏறிட்டு. கேசரியக்கூடத் தொடல.

அபசகுனமாம்! மைக் கேட்டத ஸ்பீக்கர் கத்துது, ஸ்பீக்கர் கத்துனத மைக் திரும்பக் கேக்குது. ஒவ்வொரு சுத்துக்கும் சத்தம் தேஞ்சா பொழச்சோம். கூடிச்சின்னா ஊளதான். ஆளு பேசணும்னுகூட இல்ல, ஃபேன் சத்தமே போதும். கான்வென்ட்ல பிசிக்ஸ் சிஸ்டர் ஸ்கேலால அடிச்சுச் சொல்லிக்குடுத்தது. அந்தா உங்க மேசையில விசிலடிக்கே டெஸ்ட் பெட்டி, அதுக்கும் இதே பொழப்புதான. வெளிய வாரதுல கொஞ்சத்த உள்ள திருப்பி விடணும். ரெசிஸ்டரும் கண்டென்சரும் ஒரு சுருதிய மட்டும் உள்ள விடும். அது பாட்டுக்கு நிக்காமப் பாடும்.

எங்க வீட்லயும் அதான் நடக்கு. மூத்தார் ஒண்ணு சொல்லுவாரு, எங்க வீட்டுக்காரர் ஆமாண்ணேம்பாரு, அதக் கேட்டு அவரு இன்னும் சத்தமாச் சொல்லுவாரு. அப்படித்தான் இந்த மாப்பிள்ளயே முடிவாச்சி. ப்ரீதா ஒரு மாசமா வேண்டாம் வேண்டாம்னா. அவளுக்கு யாரு மைக் குடுத்தா?

என்னது, இந்த ஊள வெவரமெல்லாம் உங்களுக்கும் தெரியுமா? பெறவு எதுக்கு நல்லா இருக்க ஐ.சி.யப் புடுங்கிப் போட்டிருக்கீய?

சத்தம் கூட்டுத குமிழு நீங்க சாக்பீஸ்ல கோடு போட்ட எடத்தவிட்டு அசையலையா? அதனால உள்ளதான் கோளாறுன்னு தேடுதீயளோ? நாலு நாளா சோறு தண்ணி இல்லாமயா? ஐயோ, ஒங்க வீட்டம்மா மொகத்துல நான் எப்படி முழிப்பேன்.

முன்னாலயே வந்திருப்பேன் அண்ணாச்சி. ப்ரீதா பெங்களூருக்கு ரயிலேறட்டும்னு பாத்தேன். காலைலதான் ஏறுனா, திங்கக்கெழம வேலையில சேருதா. இனிமே மூத்தார் எம்புட்டுக் கத்துனாலும் அங்கன கேக்காது. அதனால ராசியில்லாத பெட்டின்னு எவன் சொன்னாலும் எம் பேரச் சொல்லுங்க. மூத்தார்ட்டயே சொல்லுங்க, பரவால்ல.

ஏன்னா கேக்கீய? குமிழு கோட்டுலதான இருக்கும். நீங்க இட்லி திங்கப் போன நேரம், மூணு தரமும் திருகிட்டு, கோடு பாத்துப் பைய திருப்பி வச்சவ நான்தான.

வாரேன், பருப்பு அடிப்புடிச்சிரும்.