வெறும் வயிறு

— இந்த பஸ்ஸு போனாப் போவட்டும்ங்க. இதுக்கு ஒரு முடிவு தெரியாம நான் ஊருக்கு வர்றதா இல்ல.

— அரியலூர் பஸ் ஸ்டாண்டுல வச்சா பஞ்சாயத்து? ஏறு பரிமளா. ஒடையார்பாளையத்துக்கு இதை விட்டா அடுத்த பஸ்ஸு எப்பவோ.

— இருங்க. டாக்டரம்மா இன்னிக்கு மறுபடியும் மாத்திரையைக் கூட்டி எழுதியிருக்காங்க. நம்ம ஆர்த்திக்கு வயசு ஒம்பது. கூடப் படிக்கிற புள்ளைங்க தோளுக்குத்தான் இருக்கா. வகுப்புல உக்காந்த எடத்துல தூங்குறா. தவறாம மாத்திரை போட்டும் தைராய்டு ஏன் சரியாவல?

— மாத்திரை சரியில்ல. டாக்டரை மாத்துவோம். சிறுவாச்சூர் போயி ஆத்தாளுக்கு மாவெளக்கு போடுவோம். எல்லாம் சரியாப் போவும்.

— மாவெளக்கும் போடுவோம். ஆனா நடுவுல ஏதோ உள்ள போவுதுன்னு டாக்டரம்மா அடிச்சுச் சொல்றாங்க. வெறும் வயித்துல மாத்திரை, அப்புறம் ஒரு மணி நேரம் தண்ணியைத் தவிர எதுவும் கூடாது. டீ நான் குடுக்குறதில்ல. சத்து டானிக்கையும் ராத்திரிக்கு மாத்திட்டேன். இட்லியும் நேரம் பாத்துத்தான். பின்ன என்ன? ஆர்த்தி, இங்க பாரு. மாத்திரை போட்டதும் எங்க ஓடுற?

— அப்பா கூட மாட்டுக் கொட்டாய்க்கு.

— அங்க?

— கன்னுக்குட்டியப் புடிச்சுக்குவேன்.

— அப்புறம்?

— ஏன் பரிமளா, புள்ளைய போலீஸ்காரன் மாதிரி கேக்குற? கறந்த சூட்டோட ஒரு டம்ளர் பாலு குடுப்பேன், நொரையோட. சோந்து கெடக்குற புள்ளைக்குத் தெம்பு வேணாமா?

— பாலா? தெனமுமா?

— பால்தானே! சோறா போட்டேன்? வெறும் வயித்துல விரதம் இருக்கறவங்களே பாலு குடிக்கறாங்க. போன வெள்ளிக்கெழம நீயே குடிச்சியே!

— அது சாமிக்குங்க. மாத்திரைக்கு ஆவாது. பால்ல இருக்குற சுண்ணாம்புச் சத்து மாத்திரைய ஒடம்புல சேர விடாது. மொத தடவையே சொன்னாங்க. நானும் இவளும் உள்ள உக்காந்து கேட்டோம். நீங்க வெளிய பீடி புடிச்சிட்டு நின்னீங்க. தெனம் வாயத் தொடச்சுக்கிட்டே வருவா, வேர்வைன்னுல்ல நெனச்சேன்!

— அடக் கடவுளே... நானா? என் கையாலயா? சிமெண்ட் ஆலைக்குப் போயிட்டு நான் வர்றப்ப இவ தூங்கிடுறா. புள்ள மொகத்தப் பாக்குறதே அந்தக் கொட்டாய்லதான். ஆசையா ஒரு டம்ளர் பாலு...

— அழுவாதீங்க, சனம் பாக்குது. நல்லவேளை, இப்பவாவது தெரிஞ்சுதே. இனிமே பாலு சாயங்காலந்தான். நானே பக்கத்துல நின்னு பாத்துக்கறேன். என் புள்ள வளந்தே ஆவணும்.

— நீ நிக்கவே வேணாம். நாளையிலேருந்து இவ காலையில கொட்டாய்ப் பக்கமே வரக்கூடாது. கேட்டியா தாயி?

— பாலு கூடாதுன்னு எனக்கு அப்பவே தெரியும்ப்பா. சொன்னா நீ இப்படித்தான் வரக்கூடாதுன்னு சொல்லிடுவியோன்னு சொல்லாம இருந்தேன்.